ஜி.ஐ. பைப்பில் வெல்டிங்: போன துத்தநாகத்தைத் திரும்பப் பூசும் முறை

ஜி.ஐ. பைப் என்பது துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசிய இரும்புப் பைப். அதில் செய்த கேட்டில் பைப் அப்படியே இருக்கும், வெல்டிங் வைத்த மூட்டு மட்டும் ஒரே மழைக்காலத்தில் சிவந்துவிடும். இரும்பு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். மூட்டைச் சுற்றிப் பூச்சு மிஞ்சாது.

வெல்டிங்குக்கு முன்பே மூட்டின் இருபுறமும் இரண்டு அங்குலம் வரை கிரைண்டரில் ஃபிளாப் டிஸ்க் (உப்புத்தாள் மடல்கள் அடுக்கிய தேய்ப்பு வட்டு) போட்டுப் பூச்சை எடுத்துவிடுங்கள். சாம்பல் நிறம் போய் இரும்பு பளிச்சென்று தெரிய வேண்டும். எடுக்காவிட்டால் ஆவி உள்ளே சிக்கி வெல்டிங்கில் ஊசித்துளைகள் விழும்.

பைப்பின் உள்பூச்சை எடுக்க வழியில்லை, அதனால் வெள்ளைப் புகை வரத்தான் செய்யும். அது துத்தநாக ஆக்சைடு. சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர்காய்ச்சலும் உடம்புவலியும் வரும். பால் குடித்தால் சரியாகும் என்பதை நம்பாதீர்கள். புகை போவது நுரையீரலுக்கு. திறந்தவெளியில், காற்று பக்கவாட்டில் வரும்படி நின்று, உலோகப் புகைக்கான ஃபில்டர் மாஸ்க் போட்டு வேலை செய்யுங்கள். முகத்தில் துணி கட்டுவது உதவாது. மூச்சுத் திணறினால் உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஆறியதும் கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, தின்னரில் துடையுங்கள். கடையில் 'ஜிங்க் ரிச் ப்ரைமர்' என்றே கேளுங்கள். ஜிங்க் ப்ரைமர் என்றால் பெரும்பாலும் மஞ்சள் நிற ஜிங்க் குரோமேட்டை எடுத்துக் கொடுப்பார்கள். அது வேறு சரக்கு, அதிலுள்ள குரோமேட் புற்றுநோயும் உண்டாக்கும். நமக்கு வேண்டியது சாம்பல் நிறத்தில், காய்ந்த படலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் துத்தநாகத் தூள் உள்ளது.

இந்தத் தூள் கனமானது, டின்னின் அடியில் கட்டியாக உறைந்து கிடக்கும். குச்சியை அடிவரை விட்டு, வழித்தெடுத்தால் ஒன்றும் ஒட்டாத அளவு கலக்குங்கள். பூசும்போதும் அடிக்கடி கலக்குங்கள். மேலாக மிதப்பதைத் தொட்டுப் பூசினால் அதில் துத்தநாகமே இராது. தூள் இரும்பை நேரடியாகத் தொட்டால்தான், இரும்புக்குப் பதில் தான் அரிபட்டு அதைக் காக்கும். எனவே அடியில் ரெட் ஆக்சைடோ பட்டியோ கூடாது. பழைய பூச்சின் மேல் ஓர் அங்குலம் ஏறும்படி இரண்டு கோட் அடியுங்கள். மொத்தத் தடிமன் 100 மைக்ரான் (0.1 மி.மீ.) வரட்டும்.

அதன்மேல் நேரடியாக எனாமல் வேண்டாம். எனாமலில் உள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பு போலாகி, சில மாதங்களில் பெயிண்ட் தோலாக உரிந்துவரும். இடையில் எபாக்சி ப்ரைமர் ஒரு கோட் கொடுங்கள்.