கிணறா, தோட்டமா? அணுமின், மின்கார் விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறையில் சனிக்கிழமைதோறும் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குச் சொற்போர்ப் பயிற்சி கொடுத்து வருகிறேன். தூய ஆற்றல் என்று தலைப்பு வைத்தால் போதும், அறை சூடாகிவிடும். அந்தச் சூடு எனக்குப் பிடிக்கும். ஆனால் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பட்டிமன்ற மேடைகளில் பெரியவர்கள் சறுக்குவதும் அங்கேதான்.

முதல் சறுக்கல் தலைப்பிலேயே இருக்கிறது. "அணுமின் நிலையமா, மின்காரா?" என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறார்கள். ஒன்று மின்சாரத்தை உண்டாக்குவது, மற்றது செலவழிப்பது. கிணறா, தோட்டமா என்று கேட்டால் எப்படி இருக்கும்? தோட்டம் செழிப்பதும் வாடுவதும் கிணற்றுத் தண்ணீரைப் பொறுத்தது. மின்காரும் அப்படித்தான்.

"மின்காரில் புகையே கிடையாது டீச்சர்" என்றாள் படிவம் 5 மாணவி ஒருத்தி. பலகைக்கு வரச் சொன்னேன். நூறு கிலோமீட்டர் ஓட, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, 16 கிலோவாட்-மணி மின்சாரம் என்று எழுதினாள். தீபகற்ப மலேசியாவின் மின்சாரத்தில் பெரும்பங்கு நிலக்கரியிலும் எரிவாயுவிலும் இருந்து வருகிறது. ஒரு கிலோவாட்-மணிக்குச் சுமார் முக்கால் கிலோ கரியமில வாயு. பெருக்கினால் 12 கிலோ. பக்கத்திலேயே பெட்ரோல் கணக்கு: லிட்டருக்கு 2.3 கிலோ. நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் கார் 16 கிலோ விடும். ஐந்தரை லிட்டரில் ஓடும் சின்ன காருக்கு 12.6 கிலோ. சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ மின்கார் ஏமாற்றா டீச்சர்?"

இல்லை. கணக்கைப் பாதியில் நிறுத்தக் கூடாது. இதே காரைச் சரவாக்கில் ஓட்டினால், பாக்குன், மூரும் அணைகளின் நீர்மின்சாரம் கலப்பதால், 12 கிலோ என்பது மூன்று நான்கு கிலோவாக இறங்கிவிடும். காரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. பெட்ரோல் காரோ கடைசி நாள்வரை அதே புகையைத்தான் விடும். துன் சம்பந்தன் சாலையில் நெரிசலில் நிற்பவர் மூச்சில் ஏறும் புகைக் கணக்கு தனி. அதில் மின்காருக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். பேட்டரி செய்யும்போது வெளியாகும் கரியமில வாயுவையும் எதிரணி கேட்கும். அதற்கும் பதில் வைத்திருங்கள்.

அடுத்தது அளவுகளைக் குழப்புவது. கிலோவாட் என்பது வேகம், கிலோவாட்-மணி என்பது ஓடிய தூரம் என்று வைத்துக்கொள்ளலாம். இது பிடிபடாததால், "1,000 மெகாவாட் சூரியப் பலகை போட்டால் 1,000 மெகாவாட் அணு உலை தேவையில்லை" என்று வாதிடுகிறார்கள். நம் ஊர் வெயிலில், மேகமும் இரவும் போக, ஆண்டு முழுவதும் சேர்த்தால் சூரியப் பலகை தன் திறனில் ஆறில் ஒரு பங்கு அளவுக்குத்தான் உற்பத்தி செய்யும். நன்றாக நடக்கும் அணு உலை 90 விழுக்காட்டை எட்டும். அதாவது ஓர் உலைக்கு ஈடாக ஐந்து மடங்குக்கு மேல் பலகை வேண்டும், இரவுக்குப் பேட்டரியும் வேண்டும். இதனால் சூரிய மின்சாரம் தோற்றுவிட்டது என்று ஆகாது, பலகையின் விலை மிகக் குறைவு. ஒப்பிடும்போது அளவு சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"எல்லாரும் மின்கார் வாங்கினால் அணு உலை கட்டியே ஆக வேண்டும்" என்பதும் அடிக்கடி கேட்கும் வாதம். பத்து இலட்சம் மின்கார்கள், ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தச் செலவு சுமார் 240 கோடி கிலோவாட்-மணி. ஒரே ஒரு 1,000 மெகாவாட் உலையின் ஆண்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சிக்கல் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. அத்தனை பேரும் வேலை முடிந்து வந்து ஏழரை மணிக்கு 7 கிலோவாட் சார்ஜரைச் செருகினால் 7,000 மெகாவாட். 2024-இல் தீபகற்பத்தின் உச்சத் தேவையே 20,000 மெகாவாட்டைச் சற்றுத் தாண்டியதுதான். படுக்கப் போகும்போது செருகினால் இந்த நெருக்கடி பெருமளவு தணிந்துவிடும்.

இனி என் மனத்துக்கு மிக நெருக்கமான தவறு. அணுமின்சாரம் என்றதும் நம்மவர்கள் புக்கிட் மேராவை எடுப்பார்கள். ஈப்போ அருகே அந்தக் கிராமத்தில் இருந்தது அணுமின் நிலையம் இல்லை. ஈயச் சுரங்கக் கழிவில் கிடைத்த மோனசைட்டிலிருந்து அருமண் தனிமங்களைப் பிரித்த ஆலை அது. மிஞ்சிய கதிரியக்கத் தோரியக் கழிவுதான் ஊரை அச்சுறுத்தியது. மக்கள் நீதிமன்றம் ஏறினார்கள், 1994-இல் ஆலை மூடப்பட்டது. இன்று அருமண் காந்தங்கள் பல மின்கார்களின் மோட்டாரில் இருக்கின்றன. ஆகவே புக்கிட் மேராவை அணுமின்சாரத்துக்கு எதிராக மட்டும் வீசுகிறவருக்கு, அது மின்கார் பக்கமும் திரும்பும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு, "ஆகவே அந்த மக்களின் பயம் அறியாமை" என்று முடிப்பது இன்னும் பெரிய தவறு. பாதுகாப்பானது என்று சொன்னவர்களை நம்ப முடியாமல் போனதுதான் அவர்கள் அனுபவம். கழிவை யார் காப்பார்கள், கண்காணிப்பவரை யார் கண்காணிப்பார்கள் என்ற கேள்வி அணு உலைக்கும் அப்படியே பொருந்தும். தமிழ்நாட்டில் கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்த இடிந்தகரை மீனவர்கள் கேட்டதும் இதைத்தான். பாங்கியில் 1982 முதல் ஓர் ஆராய்ச்சி உலை ஓடுகிறதே என்று பதில் சொல்வது போதாது. அது ஒரு மெகாவாட் வெப்பத் திறன் கொண்டது, மின்சாரம் தயாரிப்பதில்லை.

விபத்துகளைப் பேசும்போது இரு பக்கமும் ஒற்றை எண்ணோடு நிற்கின்றன. ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம் அணுகுண்டுபோல் வெடிக்கவில்லை. உலை எரிபொருளில் யுரேனியம்-235 பொதுவாக 3 முதல் 5 விழுக்காடு, குண்டுக்கு 90 அளவில் வேண்டும். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் உலைகள் தாமாகவே நின்றன. பின்னால் வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்ததால், நின்ற உலையிலும் எழும் மிச்ச வெப்பத்தைத் தணிக்க வழியில்லாமல் போயிற்று. "கதிரியக்கத்தால் இறந்ததாக அரசு ஏற்றது ஒருவரைத்தான்" என்கிறது ஆதரவு அணி. வெளியேற்றத்தின் அலைச்சலிலும் மன உளைச்சலிலும் அந்த மாநிலத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கிடப்பட்டதையும் அதே மூச்சில் சொன்னால்தான் அது நேர்மையான வாதம்.

செலவிலும் காலத்திலும் அப்படியே. அமெரிக்காவின் வோக்டில் நிலையம் ஏழு ஆண்டு தாமதம், 14 பில்லியன் டாலர் என்று தொடங்கி 30 பில்லியனைத் தாண்டியது. அபுதாபியின் பராக்காவோ 2012-இல் வேலை தொடங்கி 2024-இல் நான்காவது உலையையும் இயக்கிவிட்டது. இப்போது ஐக்கிய அரபு அமீரகத்தின் கால்பங்கு மின்சாரம் அங்கிருந்துதான் வருகிறது. பராக்காவைக் கட்டிய கொரியர்கள் தங்கள் நாட்டில் உலை கட்டிப் பழகியவர்கள். வோக்டிலில் போட்ட வடிவமைப்பு அமெரிக்காவுக்கே முதல்முறை. நம் பக்கத்துக் கதை கூடங்குளம்: ஒப்பந்தம் 1988-இல், முதல் உலையின் வணிக உற்பத்தி 2014-இன் கடைசி நாளில். நமக்கு எல்லாமே முதல்முறை. சட்டம், இடம், ஆள் எல்லாம் தயாராகி உலை எழும்பும் வேளையில், இன்று வாங்கும் மின்கார் கிழடாகியிருக்கும்.

அதனால் அடுத்த சனிக்கிழமைக்குத் தலைப்பை மாற்றியிருக்கிறேன். நிலக்கரியை 2044-க்குள் விட்டுவிடுவது அரசின் இலக்கு. காப்பார், மஞ்சோங் நிலக்கரி மின் நிலையங்கள் அணைந்த பிறகு, மழை பெய்யும் ஒரு மாலை ஏழரை மணிக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? இரண்டு அணியும் இதற்கு அளவும் ஆண்டும் போட்டுப் பதில் கொண்டுவர வேண்டும்.