முதல் முறை டெல்லி போகிறீர்களா? மெட்ரோவின் மஞ்சள் லைனைப் பிடித்துத் திட்டமிடுங்கள்

டெல்லி என்பது ஒரே ஊர் அல்ல. சுல்தான்களின் தலைநகரம், ஷாஜகானின் தலைநகரம், வெள்ளைக்காரர் கட்டிய தலைநகரம் என்று பல ஊர்கள் அங்கே அக்கம்பக்கமாக இருக்கின்றன. "பார்க்க வேண்டிய 20 இடங்கள்" பட்டியலை வைத்துக்கொண்டு போனால் வடக்குக்கும் தெற்குக்கும் அலைந்து டிராஃபிக்கிலேயே பாதி நாள் போய்விடும். ஒரு நாளைக்கு ஒரு டெல்லி என்று பிரித்துக்கொள்ளுங்கள். மெட்ரோவின் மஞ்சள் லைன் இந்த மூன்றையும் ஒரே கோட்டில் இணைக்கிறது.

படி 1: மாதம்

பள்ளி விடுமுறை என்பதற்காக மே மாதத்தில் போகாதீர்கள். வெயில் 45 டிகிரி வரை ஏறும். கோட்டைகளிலும் கல்லறைகளிலும் பெரும்பாலும் திறந்தவெளியில்தான் நடக்க வேண்டும். நவம்பரில் காற்று மோசம், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் தவிர்க்கவும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். என்னைக் கேட்டால் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை. காலையிலும் இரவிலும் ஒரு ஸ்வெட்டர் போதும், பூங்காக்களெல்லாம் பூத்திருக்கும்.

படி 2: டிக்கெட்

சென்னை சென்ட்ரலில் இரவு ஏறினால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலை புது டெல்லியில் இறக்கிவிடும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கும். திரும்பும் டிக்கெட்டில் ஸ்டேஷன் பெயரைக் கவனமாகப் பாருங்கள்: புது டெல்லி, பழைய டெல்லி, ஹஸ்ரத் நிஜாமுதீன் மூன்றும் வெவ்வேறு இடங்கள். கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் நிஜாமுதீனோடு நின்றுவிடும்.

படி 3: தங்குமிடம்

மெட்ரோவுக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். அறை கொஞ்சம் சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. மஞ்சள் லைனிலேயே கிடைத்தால் நல்லது. கரோல் பாக் என்றால் ராஜீவ் சௌக்கில் ஒரு முறை மாற வேண்டும், அவ்வளவுதான். புது டெல்லி ஸ்டேஷனில் மெட்ரோ இருப்பது அஜ்மேரி கேட் பக்கம். வெளியே வந்ததும் "உங்க ஓட்டலை மூடிட்டாங்க, வேற இடம் காட்டுறேன்" என்று யாராவது கூப்பிட்டால் நிற்காமல் நடந்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் ஓட்டலுக்கு நீங்களே போன் செய்யுங்கள்.

படி 4: நாட்களைப் பிரிப்பது

முதலில் திங்கட்கிழமையை வட்டமிடுங்கள். செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோயில், தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி எல்லாம் அன்று மூடியிருக்கும். குதுப் மினார் திறந்திருக்கும். ஆகவே திங்கள், குதுப் மினார் இருக்கும் மெஹ்ரோலிக்கு, அதாவது சுல்தான்களின் டெல்லிக்கு.

மெஹ்ரோலிதான் எனக்கு மிகவும் பிடித்த டெல்லி. குதுப் மினார் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். 72.5 மீட்டர் கோபுரத்தை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் அதன் அருகிலுள்ள மசூதியின் தூண்களையும் நின்று பாருங்கள். 27 கோயில்களை இடித்து எடுத்த கற்கள் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. தூண்களில் சங்கிலியில் தொங்கும் மணிகள் செதுக்கப்பட்டிருக்கும். ஒன்றுக்கொன்று உயரம் சேராத தூண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதும் தெரியும். முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் குப்தர் காலத்தது. சுமார் 1,600 ஆண்டுகளாகியும் துரு அதைத் தின்றுவிடவில்லை. பெரும்பாலானோர் இத்துடன் திரும்பிவிடுவார்கள். நீங்கள் பக்கத்திலுள்ள மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவுக்கும் போங்கள். கட்டணம் இல்லை. ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறும் ஜமாலி கமாலி மசூதியும் அங்கே கூட்டமில்லாமல் இருக்கும்.

அடுத்த நாள் ஷாஜகானாபாத், அதாவது பழைய டெல்லி. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், நிறைய கடைகள் மூடியிருக்கும். காலையில் முதல் வேலையாகச் செங்கோட்டை (கட்டியது 1639 முதல் 1648 வரை). பிறகு சாந்தினி சௌக்கில் நடக்க வேண்டியதுதான். 1675-இல் சீக்கிய குரு தேக் பகதூர் கொல்லப்பட்ட இடத்தில் இருக்கும் சீஸ் கஞ்ச் குருத்வாராவில் தலையை மூடிக்கொண்டு உள்ளே போங்கள். எல்லோருக்கும் இலவசமாக உணவு தரும் லங்கரில் உட்கார்ந்து சாப்பிடவும் செய்யுங்கள். தெருவின் மறுமுனையில் ஃபதேபுரி மசூதி, அதை ஒட்டி காரி பாவ்லி மசாலாச் சந்தை. மிளகாய் மூட்டைகளின் நெடியில் இருமல் வரும், கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலம் என்றால் தௌலத் கி சாட் விற்பவரைத் தேடுங்கள். பால் நுரையைப் பனியில் வைத்துச் செய்வது, வாயில் வைத்ததும் கரைந்துவிடும். ஜாமா மசூதிக்கு வெள்ளிக்கிழமை மதியம் தவிர வேறு நேரத்தில் போகலாம்.

மூன்றாவது, 1911-இல் அறிவித்து 1931-இல் திறந்து வைத்த புது டெல்லி. இந்தியா கேட், அங்கே போகும் கர்தவ்ய பத் சாலை எல்லாம் மாலை வெளிச்சத்தில் பார்த்தால் போதும். காலையை, காந்தி கடைசியாகத் தங்கியிருந்த வீடான காந்தி ஸ்மிருதிக்குக் கொடுங்கள். 1948 ஜனவரி 30 அன்று அறையிலிருந்து பிரார்த்தனைத் திடலுக்குக் காந்தி நடந்த பாதையில் காலடிகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அதை ஒட்டியே நடந்து போனால், சுடப்பட்ட இடத்தில் அவை நின்றுவிடும். குழந்தைகளை அவசியம் அழைத்துப் போங்கள்.

நான்காவது நாள் கிடைத்தால், அது வியாழனாக இருந்தால், ஹுமாயூன் கல்லறை. அங்கிருந்து சாயங்காலம் நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாடல்.

படி 5: உள்ளூர் போக்குவரத்து

மெட்ரோ ஸ்மார்ட் கார்டு ஆளுக்கு ஒன்று வாங்குங்கள். வரிசை மிச்சம், கட்டணத்திலும் தள்ளுபடி உண்டு. ரயில் போகும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு. தனியாக வரும் பெண்களுக்கு நெரிசல் நேரத்தில் அது பெரிய நிம்மதி. தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களுக்கு ஆன்லைனில் டிக்கெட் எடுத்துவிடுங்கள், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் கிடையாது.

ஆக்ராவையும் சேர்ப்பதாக இருந்தால் அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். காலையில் நிஜாமுதீனில் புறப்படும் கதிமான் எக்ஸ்பிரஸ் சுமார் 100 நிமிடத்தில் கொண்டு சேர்க்கும். வெள்ளிக்கிழமை மட்டும் கூடாது: தாஜ்மஹாலும் மூடியிருக்கும், அந்த ரயிலும் ஓடாது.