பஃபிங் மிஷினை முதன்முறை நிறுவும்போது

கிரைண்டிங் கல்லைப் பார்த்தால் எல்லோருக்கும் பயம் வரும். உலோகத்துக்குப் பாலிஷ் போடும் பஃப் வீல் துணிதானே என்று கையை அருகில் கொண்டுபோவார்கள். மோட்டார் நிமிடத்துக்கு 2,880 சுற்று ஓடினால், 8 இன்ச் வீலின் விளிம்பு நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில் போகும். கல் தேய்க்கும், துணி பிடித்து இழுக்கும். மிஷினை நிறுவும் ஒவ்வொரு படியிலும் இந்த இழுப்பைத்தான் கவனிக்க வேண்டும்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் சின்ன ஷெட்டில் வைக்கும் 1 ஹெச்பி த்ரீ ஃபேஸ் மிஷினுக்கான வழிமுறை இது.

முதலில் இடம். கிரைண்டருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். இரும்புப் பொறி பஞ்சுத் தூசியில் விழுந்தால் பற்றிக்கொள்ளும். நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் நடைபாதையும் இருக்கக் கூடாது. ஸ்பின்டில் (வீல் மாட்டும் தண்டு) முழங்கை உயரத்தில், தரையிலிருந்து சுமார் 1 மீட்டரில் வரட்டும். ரசமட்டம் பார்த்து, ஸ்டாண்டை கான்கிரீட்டில் 12 எம்எம் போல்ட்டால் இறுக்குங்கள்.

அடுத்து கரண்ட். வெறும் ஸ்விட்ச் போதாது, பட்டன் அழுத்தி ஓட்டும் டிஓஎல் (டைரக்ட் ஆன்லைன்) ஸ்டார்ட்டர் போடுங்கள். அது இருந்தால், கரண்ட் போய்த் திரும்பி வரும்போது மிஷின் தானாக ஓடாது. மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் துண்டிக்கும் ஓவர்லோடு ரிலேயை, மோட்டார் பிளேட்டில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள். பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரியில் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. காய்ந்த பாறை மண்ணில் எர்த் சரியாகப் பிடிக்காது. குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றி, எர்த் டெஸ்டரில் அளந்து பாருங்கள்.

இப்போது பலர் தாண்டிப்போகும் படி. வீல் மாட்டாமல் மோட்டாரை ஒரு நொடி தட்டிவிட்டுப் பாருங்கள். உங்கள் முன்னால் ஸ்பின்டிலின் முகப்பு மேலிருந்து கீழே இறங்க வேண்டும். மேலே ஏறினால் ஏதாவது இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுங்கள். திசை தப்பானால் இரண்டு ஆபத்து: பொருள் முகத்துக்கு வரும், ஓட ஓட நட்டும் கழன்றுவிடும். வலதுபுறம் சாதா மரை, இடதுபுறம் இடது மரை (எதிர்ப்பக்கம் சுற்றினால் இறுகுவது) இருப்பதே நட் தானாக இறுகுவதற்காகத்தான். தெரியாமல் இடது நட்டை வழக்கம்போல் கழற்றப் பார்த்தால் மேலும் இறுகும்.

வீலின் இருபுறமும் ஒரே அளவு வாஷர் போட்டு நட்டை இறுக்கி, ஹூட்டை (வீலை மூடும் கவசத்தை) மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். உரசல் இல்லையென்றால் பக்கவாட்டில் நின்று ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஓடவிடுங்கள். புது வீலில் நூல் பறக்கும், அது இயல்பு. ஸ்டாண்டு நடுங்கினால் நிறுத்தி, வீல் மையத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வீலில் தடவும் பாலிஷ் கட்டியைத்தான் சோப்பு என்பார்கள். பித்தளைக்கும் அலுமினியத்துக்கும் பழுப்பு சோப்பு, எஸ்எஸ்-க்கு (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பச்சை. ஒரு வீலுக்கு ஒரே சோப்புதான், கலந்தால் கீறல் விழும். ஓடும் வீலில் லேசாகத் தொட்டாலே போதும். அதிகம் அப்பினால் பொருளில் கறுப்புக் கோடு படியும்.

பொருளை வீலின் மையத்துக்குச் சற்றுக் கீழே பிடியுங்கள். ஒரு தகட்டை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஆரம்பித்து, வீல் கீழ் விளிம்பைத் தாண்டி வெளியேறும்படி பாலிஷ் போடுங்கள். பிறகு தகட்டைத் தலைகீழாகத் திருப்பி மறுபாதி. மேல் விளிம்பு வீலில் பட்டால் அந்த நொடியே பிடுங்கிக்கொண்டு போகும். செயினைக் கையில் தொங்கவிட்டுப் பாலிஷ் போடவே கூடாது.

துணிக் கையுறை, தோள் துண்டு, மோதிரம், மணிக்கட்டில் கட்டிய சாமிக் கயிறு எல்லாம் கழற்றியாக வேண்டும். கண்ணாடியும் மாஸ்க்கும் கட்டாயம். ஆஃப் செய்த பின்னும் வீல் வெகுநேரம் சுற்றும், பொருளை வைத்து அழுத்தி நிறுத்தாதீர்கள்.

ஹூட்டில் சேரும் பஞ்சை தினமும் எடுங்கள். அலுமினியத் தூசி பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது, தீ பெரிதாகும். காய்ந்த மணல் ஒரு வாளி மிஷின் பக்கத்திலேயே இருக்கட்டும்.