85 நல்ல புள்ளியா? அளவீட்டுப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பெறுபேறு வந்தால் மட்டக்களப்பில் வீட்டுக்கு வீடு இசட் புள்ளிதான் பேச்சு. அப்படி வளர்ந்த பிள்ளைகளே கல்வி உளவியல் படிக்க வந்ததும், நுண்ணறிவுச் சோதனையில் 85 என்று கண்டால் "நல்ல புள்ளிதானே" என்கிறார்கள்.

அது நூற்றுக்கு எடுத்த புள்ளி இல்லை. இவ்வகைச் சோதனைகள் பலவற்றில் இடை (சராசரி) 100, நியம விலகல் (புள்ளிகள் இடையைச் சுற்றிச் சிதறும் அளவு) 15. ஆகவே 85 என்பது இசட் −1, அதாவது இடைக்கு ஒரு நியம விலகல் கீழே. சதமணையில் ஏறத்தாழ 16. உடனே அடுத்த தவறு வரும்: "பிள்ளை 16 வீதம்தான் சரியாகச் செய்திருக்கு." இல்லை. ஒத்த வயதினர் 100 பேரில் சுமார் 16 பேரின் புள்ளி இந்த அளவிலோ இதற்குக் கீழோ இருக்கும், அவ்வளவுதான். எத்தனை வினா சரி என்று சதமணை சொல்லாது. பெற்றோரிடம் பேசும்போது இது குழம்பினால் வீட்டில் பிள்ளைக்குத்தான் அடி விழும்.

சதமணைகளைக் கூட்டி இடை எடுப்பதும் வேண்டாம். அதன் படிகள் சமமில்லை: சதமணை 50இலிருந்து 60க்குப் போக 4 புள்ளி போதும், 89இலிருந்து 99க்குப் போக 16 புள்ளிக்கு மேல் வேண்டும்.

என் பார்வையில் மிக மோசமான தவறு, ஒற்றை எண்ணை அப்படியே நம்புவது. புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளி நமக்குப் பழக்கிவிட்ட நோய் இது. ஒரு புள்ளி குறைந்தாலும் ஊரே துக்கம் விசாரிக்கும். சோதனையின் நம்பகக் குணகம் (புள்ளி எவ்வளவு மாறாமல் வருகிறது என்பதன் அளவு, உச்சம் 1) 0.91 என்று வையுங்கள். 1இலிருந்து அதைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, நியம விலகலான 15ஆல் பெருக்கினால் அளவீட்டு நியம வழு, அதாவது புள்ளி வழக்கமாக எவ்வளவு தவறலாம் என்பது, 4.5. பிள்ளை 68 எடுத்தால் 95 வீத வீச்சு (இருபுறமும் சுமார் இரண்டு வழு) ஏறக்குறைய 59 முதல் 77 வரை. நுண்ணறிவுக் குறைபாட்டுக்கு எல்லை 70 என்றால், இந்த எண்ணை மட்டும் வைத்து முத்திரை குத்த முடியுமா?

நம்பகம் உயர்ந்தால் தகுதியும் (அளக்க நினைத்ததையே அளப்பது) உயரும் என்பதும் பிழை. நீண்ட வசனக் கணக்குகள் கொண்ட தாள், திரும்பத் திரும்ப ஒரே புள்ளியைத் தரலாம்; ஆனால் அளந்தது வாசிப்பையாக இருக்கலாம்.

அப்புறம் நியமங்கள், அதாவது பிள்ளையின் புள்ளியை ஒப்பிடும் குழுவின் அட்டவணை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளையை அமெரிக்கப் பிள்ளைகளின் அட்டவணையோடு ஒப்பிட்டால், அதை அறிக்கையில் எழுதுங்கள். வினாக்களைச் சோதனையின்போதே வாய்மொழியாகத் தமிழாக்கிக் கேட்டிருந்தால் அந்த அட்டவணை பொருந்தாது. பிள்ளை எதைச் செய்தார், எங்கே தடுமாறினார் என்று விவரித்தால் போதும், புள்ளி போட வேண்டாம்.