பாடசாலை நாடக ஒத்திகை: நெறியாளர் தவிர்க்க வேண்டிய பிழைகள்

தமிழ்த் தினப் போட்டி நெருங்கியதும் பிரதியைக் கையில் கொடுத்து "நாளைக்குப் பாடமாக்கிக்கொண்டு வா" என்பதுதான் இலங்கையின் மலையகப் பாடசாலைகளில் முதல் பிழை. அப்படிப் பாடமாக்கிய வசனம் பேச்சுப்போட்டி ராகத்தில் இறுகிவிடும். பிறகு அதை இளக்குவது பெரும்பாடு. முதல் மூன்று ஒத்திகைகளையாவது வட்டமாக இருந்து வாசிக்கவும் அரங்க விளையாட்டுகளுக்கும் ஒதுக்குங்கள். ஒவ்வொரு வசனத்துக்கும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பாத்திரம் எதிரில் நிற்பவரை என்ன செய்யப் பார்க்கிறது? கெஞ்சுகிறதா, மிரட்டுகிறதா, மழுப்புகிறதா? "சோகமாகச் சொல்லு" என்றால் பிள்ளை குரலை இழுக்கும், அவ்வளவுதான்.

நேரமில்லை என்று நெறியாளரே நடித்துக் காட்டுவது அடுத்தது. மேடையில் எட்டுப் பேரும் ஒரே ஆசிரியரைப் போலக் கையை ஆட்டுவது இதனால்தான். நடித்துக் காட்டாமல் நிலைமையை மாற்றிக் கொடுங்கள்: "கங்காணி காதில் விழாமல் இதைச் சொல்லு." குரலும் உடம்பும் தாமாகவே ஒடுங்கும்.

பொருள் எதுவும் இல்லாமல் ஒரு வேலையைச் செய்துகாட்டும் பாவனைப் பயிற்சியில், தெரிந்த வேலைதானே என்று கொழுந்து பறிப்பதை மேலோட்டமாக விட்டுவிடுவார்கள். தெரிந்த வேலை என்பதால்தான் பிள்ளைகள் காற்றில் விரலை மட்டும் ஆட்டுகிறார்கள். செடி இடுப்பளவு என்றால் எல்லோருக்கும் அதே உயரம். நிற்பது சரிவில்; ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. இரண்டு இலையும் ஒரு மொட்டும் விரலிடையே ஒடிய வேண்டும், கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் போக வேண்டும். வெறுங்கூடையோடு இரண்டு நிமிடம் செய்யட்டும். பிறகு கூடை நிறைந்துவிட்டது என்று சொல்லுங்கள்: கயிறு தலையைப் பின்னுக்கு இழுக்கும், கழுத்து அதை எதிர்த்து முன்னே விறைக்கும். அந்தக் கழுத்தோடேயே நாடகத்தின் ஒரு வசனத்தைப் பேசச் சொல்லுங்கள். பயிற்சி பிரதிக்குள் வருவது அந்த இடத்தில்தான். இல்லாவிட்டால் அது வெறும் விளையாட்டு.

ஒருவரின் அசைவை எதிரில் நிற்பவர் கண்ணாடி போல அப்படியே செய்வது கண்ணாடிப் பயிற்சி. அது கெடுவது வேகத்தால். அசைவைத் தொடங்குபவர் மற்றவரை ஏமாற்றப் பார்ப்பார், சிரிப்பு வரும், முடிந்தது. யார் தொடங்கியது என்று பார்ப்பவருக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாகச் செய்ய வேண்டும். பார்வை கையில் அல்ல, எதிராளியின் கண்ணில்.

நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அந்தக் காலைக்குளிரில் எடுத்தவுடன் கத்தவிட்டால் தொண்டை கட்டிவிடும். உடம்பை அசைத்துச் சூடேற்றி, வாயை மூடி 'ம்' என்று மெல்ல இசைத்துவிட்டுத்தான் வசனம். பிறகு 5, 10, 15 மீற்றர் தள்ளி நிற்பவரிடம் கத்தாமல் பேசிப் பழக்குங்கள். கேட்காமல் போவது பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசி. தமிழில் வினை அங்கேதான் இருக்கிறது. 'வரமாட்டேன்' என்பதன் வால் விழுங்கப்பட்டால் வருவதும் வராததும் ஒன்றுதான். தகரக் கூரையில் மழை கொட்டும்போது குரலால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பாவனைப் பயிற்சிக்கு மாறிவிடுங்கள்.

அழுகைக் காட்சிக்காக "வீட்டில் நடந்ததை நினைத்துக்கொள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். தோட்டத்து வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும் லயத்தில் ஒரு வீட்டுச் சண்டை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும், அந்தப் பிள்ளையும் இதே குழுவில் இருக்கும். சொந்த அனுபவத்தை நினைத்து உணர்ச்சியை வரவழைக்கும் 'உணர்ச்சி நினைவை'ப் பயிற்சியாக்கிய ரஷ்ய நெறியாளர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே பிற்காலத்தில் உடற்செயலிலிருந்து தொடங்கும் முறைக்குத்தான் அழுத்தம் கொடுத்தார். கடிதத்தை மடிக்க முடியாமல் விரல் தடுமாறுவது போதும்.

நாடகத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்துபார்க்கும் முழு ஓட்டத்தின்போது இடையில் நிறுத்தாதீர்கள், எழுதி வையுங்கள். முடிந்ததும் ஒருவருக்கு இரண்டு குறிப்புக்கு மேல் வேண்டாம், அந்த இடத்தை உடனே ஒருமுறை செய்யவையுங்கள். தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துத்தான் முழு ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். பஸ் பயத்தில் ஓடும் ஒத்திகையில் பிள்ளைகள் வசனத்தை விரைவாகச் சொல்லிப் பழகுவார்கள். மேடையிலும் அந்த வேகம்தான் வரும்.