தேங்காய்த் தொட்டியிலிருந்து கிளர்வூட்டிய கரி

பாலக்காடு மாவட்டத்து மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறைப் பகுதித் தென்னந்தோப்புகளில் அடுப்பெரிக்கப் போகும் தேங்காய்த் தொட்டிதான் (கொட்டாங்குச்சி), மலையாளத்தில் சிரட்டை எனப்படுவதுதான், குடிநீர் வடிகட்டிக்கான கிளர்வூட்டிய கரிக்கு (activated carbon) மிகச் சிறந்த மூலப்பொருள். நெல் உமியிலும் கரி வரும். ஆனால் அதிலுள்ள மணற்சத்து சாம்பலாகத் தங்கிவிடும். தொட்டி அடர்த்தியானது என்பதால் அதன் கரி எளிதில் பொடியாவதில்லை.

வேலை இரண்டு கட்டங்களாக நடக்கிறது. முதற்கட்டமான கரியாக்கத்தைத் தோப்பிலேயே செய்யலாம். நார் நீக்கி நன்கு காய்ந்த தொட்டியை, அடியில் துளையிட்ட 200 லிட்டர் இரும்புப் பீப்பாயில் சிறிதளவு போட்டுப் பற்றவைத்து, தீ பிடிக்கப் பிடிக்க மேலே நிரப்பிக்கொண்டே வர வேண்டும். திரண்டெழும் வெண்புகை மெலிந்து நீலமாகும்போது அடித்துளைகளை மண்ணால் அடைத்து, மூடியிட்டு, அதன் விளிம்பையும் களிமண்ணால் பூசிவிட வேண்டும். அடைக்கத் தாமதித்தால் கிடைப்பது சாம்பல்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஆனி, ஆடியில் இந்தத் தவறு எளிதில் நேரும் என்பதால், மறைப்பில்லாத இடத்தில் பீப்பாயை வைக்கக் கூடாது.

மறுநாள் வரை திறக்காமல் ஆறவிடுவது நல்லது. தண்ணீர் ஊற்றி அணைத்தால் கரி ஈரமாகும், விலை குறையும். அதைவிட, கரியை அவித்த தார் கலந்த நீர் மண்ணில் இறங்கிப் பக்கத்துக் கிணற்றைக் கெடுக்கும். ஆறியதாகத் தோன்றும் கரியும் காற்றுப் பட்டதும் கனன்றெழக்கூடும் என்பதால், திறந்த அன்றே சாக்கில் கட்டிவிடக் கூடாது. 100 கிலோ தொட்டிக்கு 25 முதல் 30 கிலோ கரி கிடைத்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். நன்றாக வெந்த கரி கீழே போட்டால் உலோகம்போல் ஒலிக்கும், உடைத்த முகம் பளபளக்கும். மங்கலாக, பழுப்புத் தெரிய இருப்பது வேகாத கரி.

இரண்டாவது கட்டம் கிளர்வூட்டல். சலித்தெடுத்த கரித்துண்டுகளைச் சுழலும் உலையில் 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கரியை அரித்து, கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக வெளியேற, உள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் திறக்கின்றன. ஒரு கிராம் கரியின் உட்பரப்பு ஏறத்தாழ 1000 சதுர மீட்டர் வரை விரிவது இதனால்தான். கரியில் பாதிக்கும் மேல் இதில் கரைந்துவிடுவதால் விலையும் உயர்கிறது. வெளிவரும் வாயுக்களில் ஒன்று நஞ்சு, இரண்டுமே எரிபவை. ஆகவே இதை வீட்டு முற்றத்தில் முயலவே கூடாது, கரியை ஆலைக்கு விற்பதே அறிவு. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் போதும் என்று இணையத்தில் சுற்றும் வழிமுறை நம்பத்தக்கதல்ல.

ஆலைக்காரர்கள் தரத்தை அயோடின் எண்ணால், அதாவது ஒரு கிராம் கரி எத்தனை மில்லிகிராம் அயோடினை ஈர்த்துக்கொள்கிறது என்ற கணக்கால், அளக்கிறார்கள். நமக்கு ஒரு நேரடிச் சோதனை போதும்: மெத்திலீன் நீலம் என்ற சாயம் சில துளிகள் கலந்த நீரை இரண்டு குவளைகளில் எடுத்து, ஒன்றில் சாதாரணத் தொட்டிக்கரிப் பொடியையும் மற்றதில் கிளர்வூட்டிய கரிப் பொடியையும் சம எடையில் கலக்கி வடிகட்டினால், இரண்டாவது நீர் மட்டுமே ஏறக்குறைய நிறமற்று இறங்கும்.