இசைத்தட்டு வாங்குவதும் வாங்கியதை எடுத்துச் சொல்வதும்

மதுரையில் நாங்கள் எட்டுப் பேர் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு மாலை ஒரு நண்பரின் வீட்டு முன்னறையில் கூடுகிறோம். அந்த மாதம் யார் எந்த இசைத்தட்டை, கேசட்டை, குறுந்தகட்டை வாங்கினார் என்று பார்ப்பதும், அதில் ஒரு பக்கத்தையாவது எல்லோரும் சேர்ந்து கேட்பதும், மற்றவர்களும் அதைத் தேடி வாங்கலாமா என்று பேசுவதுமே அங்கே வேலை. தொடக்கத்தில் "அருமையான தட்டு, கிடைத்தால் விடாதீர்கள்" என்ற அளவில் பேச்சு முடிந்துவிடும். அதை நம்பிப் போனவர் அதே பெயரில் வந்த வேறொரு பதிப்பை வாங்கி வருவார். அல்லது முதல் பாட்டிலேயே ஊசி தாவும் தட்டுக்கு முழு விலை கொடுத்துவிட்டு வருவார். வாங்குகிற இடத்தில் நாம் பார்க்கத் தவறியதைப் பிறகு நண்பரிடம் சொல்ல முடியாது என்பதால், பரிந்துரை என்பது கடை வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. எங்களுக்குப் பழக்கமாகிவிட்ட முறையை, புதிதாகச் சேர்க்கத் தொடங்குவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

எங்கே தேடுவது

திலகர் திடலில் ஞாயிறுதோறும் கூடும் பழைய பொருள் சந்தைக்கு விடியற்காலையில் போக வேண்டும். அங்கே தட்டுகள் எல்லா வாரமும் வருவதில்லை. வரும்போது பெரும்பாலும் ஒரு வீட்டைக் காலி செய்தவர்களிடமிருந்து மொத்தமாக வருகின்றன. ஆகவே ஒரு தட்டு கண்ணில் பட்டால் அதே விரிப்பில் இருக்கும் மற்ற சாக்குகளையும் பார்த்துவிட வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்கு ஒரு நாள் ஒதுக்கிப் போய்வரலாம். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த அரக்குத் தட்டுகள், அதாவது அரக்கால் செய்த பழைய இசைத்தட்டுகள், அங்கே அவ்வப்போது கிடைக்கும், ஆனால் விலை சொல்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்.

மூன்றாவது இடம், கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் ரேடியோ செட் கட்டிய சவுண்ட் சர்வீஸ்காரர்கள். மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் ஊருக்கு ஒருவராவது இருந்திருப்பார். அவர்களிடம் இருக்கும் தட்டுகளின் நடுத்தாளில் செட்டின் பெயர் ரப்பர் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். கனமான ஊசியில், குழாய் ஸ்பீக்கருக்காக, பந்தலில் நூற்றுக்கணக்கான முறை ஓடிய தட்டுகள் அவை. நினைவுப் பொருளாக வாங்கலாம். கேட்பதற்கென்று வாங்குபவர் கீழே சொல்லும் சோதனைகளைச் செய்யாமல் பணத்தை எடுக்கக் கூடாது.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை

முதலில் தட்டை உறையிலிருந்து வெளியே எடுங்கள். இதைச் சொல்ல வேண்டுமா என்று தோன்றலாம். மதுரை தந்த டி.எம். சௌந்தரராஜனின் முருகன் பாடல்கள் என்று உறையைப் பார்த்து மகிழ்ந்து, அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்த நான், வீட்டில் திறந்தபோது உள்ளே ஒரு திரைப்படத்தின் கதை வசனத் தட்டு இருந்தது. விற்றவரைக் குறை சொல்வதற்கில்லை. அவரும் திறந்து பார்த்திருக்கவில்லை.

அடுத்து, தட்டின் இனத்தை அறிய வேண்டும். நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டு கனமாக இருக்கும், கீழே விழுந்தால் உடையும், பத்து அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடமே ஓடும். 1948இல் அறிமுகமான எல்.பி. என்னும் நெடுந்தட்டு, 12 அங்குல வினைல். நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். ஏழு அங்குல ஈ.பி. பெரும்பாலும் 45 சுற்று. அரக்குத் தட்டில் ஊசி ஓடும் பள்ளம் அகலமானது என்பதால் அதற்குத் தனி ஊசி வேண்டும். எல்.பி. ஊசியை அதில் வைத்தால் அது பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலையே எழுப்பும். வீட்டில் இருக்கும் கருவிக்கு அந்த ஊசி உண்டா என்று தெரியாமல் அரக்குத் தட்டை வாங்குவதும், அப்படிப்பட்டவருக்குப் பரிந்துரைப்பதும் வீண்.

நடுத்தாளில் நிறுவனத்தின் பெயரும் பதிப்பு எண்ணும் இருக்கும். கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் எச்.எம்.வி. நெடுந்தட்டுகளில் ஈ.சி.எல்.பி. என்று தொடங்கும் எண் மோனோ, ஈ.சி.எஸ்.டி. என்று தொடங்கும் எண் ஸ்டீரியோ. இது தவிர, கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் நடுத்தாளுக்கும் இடையிலுள்ள வழவழப்பான பகுதியில் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். தட்டை அச்சடித்த அச்சுக்குரிய எண் அது. உறை மாறலாம், நடுத்தாள்கூட மாற்றி ஒட்டப்பட்டிருக்கலாம், அந்தப் பொறிப்பு மாறாது.

பின்பு தட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். ட்யூப்லைட் வெளிச்சம் கீறல்களை மறைத்துவிடும். பார்வைக்குப் பயமுறுத்தும் பல கீறல்கள் மேலோட்டமானவை. விரல் நகத்தை மெல்ல ஓட்டும்போது இடறினால் மட்டுமே அது காதில் கேட்கும். அதன் கணக்கு எளிது. நெடுந்தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகிறது. ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஏறக்குறைய நூறு பள்ளங்கள் இருக்கும். ஆகவே குறுக்காக விழுந்த ஒரு சென்டிமீட்டர் கீறல், ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு, 1.8 விநாடிக்கு ஒரு முறை 'டிக்' என்று கேட்கும். அதாவது ஒரு பாட்டு முழுவதும். வட்டத்தோடு போகும் கீறல் இன்னும் மோசமானது, அதில்தான் ஊசி மாட்டிக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும். ஒன்றையே சொல்லிக்கொண்டிருப்பவரைக் கீறல் விழுந்த ரெக்கார்டு என்று நாம் அழைப்பது இதை வைத்துத்தான்.

கீறலைவிட நான் அஞ்சுவது தேய்மானத்தை. புதிய தட்டின் கறுப்பில் ஒரு பளபளப்பு இருக்கும். மழுங்கிய ஊசியில் ஓடிய தட்டு சாம்பல் பூத்ததுபோல் வெளிறியிருக்கும், எவ்வளவு கழுவினாலும் அது போகாது, குரல் உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் கரகரக்கும். சிலர் விற்பதற்கு முன் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கி விடுவதும் உண்டு. எனக்கு அப்படி ஒன்று வாய்த்தது, முகர்ந்து பார்த்திருந்தால் தேங்காயெண்ணெய் என்று அங்கேயே தெரிந்திருக்கும். நடுத்துளையைச் சுற்றிப் பாருங்கள்: கருவியின் நடுக்கம்பியில் மாட்டத் தடவித் தேடிய தடங்கள் நடுத்தாளில் மெல்லிய கோடுகளாகப் பதிந்திருக்கும். அவை அதிகமென்றால் தட்டு அதிகம் ஓடியது என்று பொருள். கடைசியாகத் தட்டைக் கண்மட்டத்தில் படுக்கையாக வைத்து நெளிவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கழுவுதலும் காத்தலும்

வாங்கி வந்ததை அப்படியே ஓடவிடாதீர்கள். பேட்டரிக் கடையில் கிடைக்கும் வாலை வடிநீரில் ஓரிரு துளி மென்மையான திரவ சோப்பைக் கலந்து, மெல்லிய துணியால் பள்ளத்தின் போக்கில் வட்டமாகத் துடைத்து, நடுத்தாள் நனையாமல் அலசி, நிழலில் நிறுத்திக் காயவைக்க வேண்டும். வினைலுக்குச் சிறிது ஸ்பிரிட் சேர்ப்போர் உண்டு. அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் அரக்குக் கரைந்துவிடும், ஆகவே அதன் பக்கமே கொண்டு போகக் கூடாது. தட்டுகளை அடுக்காமல் செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். மதுரையின் அக்கினி நட்சத்திர வெயிலில், தகரக் கொட்டகையிலோ, கதவடைத்த காரிலோ ஒரு மதியம் இருந்தால் போதும், தட்டு அப்பளம்போல் நெளிந்துவிடும்.

கேசட்டை ஏன் விடக் கூடாது

எங்கள் கூட்டத்தில் நெடுந்தட்டுக்கு இருக்கும் மதிப்புக் கேசட்டுக்கு இல்லை. இது தவறு என்பது என் கருத்து. எச்.எம்.வி. தட்டுகளில் வந்தவற்றில் பெரும்பகுதி வேறு வடிவங்களிலும் கேட்கக் கிடைக்கிறது. சித்திரைத் திருவிழாவில் விற்ற அழகர் வர்ணிப்புக் கேசட்டுகளும், சிறு நிறுவனங்கள் உள்ளூர்ப் பாடகர்களைக் கொண்டு பதிந்த அம்மன் பாடல்களும் அப்படியல்ல; பல கேசட்டோடு தொடங்கிக் கேசட்டோடு முடிந்தவை. மதுரையிலிருந்து நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிப் பாடிய விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம்பதியரின் கேசட்டுகளை யாராவது கொண்டுவந்தால் நான் முதலில் கை நீட்டுவேன்.

கேசட்டில் பார்க்க வேண்டியவை குறைவு. நாடா தெரியும் வாயில், அதன் பின்னால் உள்ள சிறு பஞ்சு விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் ஓசை மங்கி மங்கி வரும். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை இருந்தால் அதை நல்ல கருவியில் போடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். ஓடவிடுவதற்கு முன் ஒருமுறை முழுவதும் சுற்றித் திருப்பிச் சுற்றுங்கள். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொடுத்துப் பதிந்த கேசட் என்றால், அது 90 நிமிட நாடாவா 60 நிமிட நாடாவா என்று கவனியுங்கள். 90இல் நாடா மெல்லியது, எளிதில் சிக்கும். கணினியில் பதிந்து வைப்பதானால், எம்.பி.3 ஆக்குவதற்கு முன் சுருக்கப்படாத ஒரு பிரதியை எடுத்துவிடுங்கள். ஆனால் அதை ஊருக்கெல்லாம் அனுப்பும் முன் நினைவிருக்கட்டும்: இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள்.

நண்பரிடம் எப்படிச் சொல்வது

கலைஞரின் பெயருக்கு அடுத்ததாக நிறுவனத்தின் பெயரும் பதிப்பு எண்ணும் வர வேண்டும். ஆண்டைச் சொல்லும்போது, பதிவான ஆண்டையும் கையிலிருக்கும் தட்டு அச்சான ஆண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டும். மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமி ஐக்கிய நாடுகள் சபையில் பாடியது 1966 அக்டோபர் 23ஆம் நாள். அந்தக் கச்சேரியின் தட்டு அதன் பிறகு பலமுறை அச்சாகியிருக்கிறது. "1966ஆம் ஆண்டுத் தட்டு" என்று ஒருவர் சொல்லும்போது எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெளிந்துகொள்ளாவிட்டால், பின்னாளில் வந்த பதிப்புக்கு முதல் பதிப்பின் விலையைக் கொடுக்க நேரிடும். தொகுதியாக வந்தவற்றில் எத்தனையாவது என்பதும் முக்கியம். எம்.எஸ். பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலா ஐந்து தட்டுகள். எங்கள் கூட்டத்தில் மூவரிடம் ஒரே பகுதி இருந்தது, ஒருவரிடமும் முழுத் தொகுதி இல்லை.

நிலையைச் சொல்லும்போது தட்டுக்குத் தனியாகவும் உறைக்குத் தனியாகவும், தட்டிலும் இரண்டு பக்கங்களுக்குத் தனித்தனியாகவும் சொல்ல வேண்டும். உலகெங்கும் தட்டு வணிகத்தில் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று தரம் பிரிக்கிறார்கள். இதில் 'குட்' என்பது நல்லது என்று பொருள்படாது, ஓடும் என்ற அளவுக்குத்தான் பொருள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க நாங்கள் காதுக்குக் கேட்பதையே சொல்கிறோம்: அமைதியாக இருக்கிறது, பாட்டுக்கு இடையில் மட்டும் பொரிகிறது, பாட்டுக்குள்ளும் பொரிகிறது, தாவுகிறது. எந்தக் கருவியில் கேட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். எச்.எம்.வி. ஃபியஸ்டா போன்ற பெட்டிக் கருவியின் கனமான ஊசி மறைத்துவிடும் சில குறைகளை நல்ல கருவி காட்டிக்கொடுக்கும். அதேபோல், லேசான ஊசி தாவும் இடத்தைக் கனமான ஊசி கடந்துபோய்விடும்.

இசையைப் பற்றிச் சொல்லும்போது தேன், அமுதம், மெய்சிலிர்ப்பு முதலிய சொற்களை ஒதுக்கிவிடுங்கள். கச்சேரியில் பதிந்ததா, ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்ததா, பக்கவாத்தியம் யார், பெரிய ராகம் எவ்வளவு நேரம், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கலாம் என்பவையே கேட்பவருக்குப் பயன்படும். இளையராஜாவின் 1986ஆம் ஆண்டு வெளியீடான 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைப் பரிந்துரைத்த ஒருவர், அதில் பாட்டு இல்லை, கருவியிசை மட்டுமே, தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் யோகான் செபாஸ்தியான் பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்டது, வி.எஸ். நரசிம்மனின் வயலினைப் பின்தொடர்ந்து கேளுங்கள் என்று நான்கு செய்திகளைச் சொன்னார். திரைப்பாடல் தவிர வேறெதுவும் கேட்காத ஒருவர் அதை வாங்கி, ஏமாறாமல் கேட்டார். மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகசுரத் தட்டை நான் சொல்லும்போதெல்லாம், சிறிய அறையில் ஓசையைக் குறைத்து வையுங்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறேன். கோயில் பிரகாரத்துக்கென்று அமைந்த வாத்தியம் அது.

பிடிக்காததையும் சொல்ல வேண்டும். காசு கொடுத்து வாங்கியதைக் குறைசொல்ல மனம் வராது என்பதால் இதைத் தனியே குறிப்பிடுகிறேன். அசல் பாடகர்கள் இல்லாமல் வேறு குரல்கள் பாடிய மறுபதிவுக் கேசட்டுகளை வாங்கி ஏமாந்த எவரும் அதை வாய்விட்டுச் சொல்லாததால், அடுத்தடுத்து நான்கு பேர் அதே தவறைச் செய்தோம்.

இரவல் கொடுப்பதென்றால் ஒரு சிறு சீட்டைத் தட்டின் உள்ளுறைக்குள் போட்டுவிடுங்கள். வாங்கிய இடம், விலை, கழுவிய நாள், ஓசை கேட்கும் இடம் ஆகியவற்றை நீங்கள் எழுத வேண்டும். இரவல் பெற்றவர் தம் கருவியில் கேட்டதை அதன் கீழே எழுதித் திருப்பித் தர வேண்டும். சென்ற மாதம் என்னிடம் திரும்பி வந்த ஒரு தட்டின் சீட்டில் என் கையெழுத்துக்குக் கீழே இப்படி இருந்தது: "இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டு. நீங்கள் எழுதியது பதினெட்டு டிக். ஊசி மாற்றிய பின் எண்ணினேன், பதினொன்று."